பெரிய டிரம்மில் ஒரு நீல வட்டம்

1

இந்தக் கதை ஒரு ஸ்டிக்கரிலிருந்து வந்தது. பெரிய இலக்கியமெல்லாம் துயரத்திலிருந்தோ தரிசனத்திலிருந்தோ வருவதாக மேடைகளில் சொல்கிறார்கள். எனக்கு வாய்த்தது ஸ்டிக்கர். சட்டைப் பொத்தானைவிடக் கொஞ்சம் பெரிய நீல வட்டம், நடுவில் வெள்ளையில் 14 என்ற எண். உல்லாசக் கப்பலிலிருந்து ஒருநாள் சுற்றிப்பார்க்க இறங்கும் பயணிகள் கூட்டத்தில் தொலைந்துவிடாமல் இருக்க நெஞ்சில் ஒட்டிவிடுவார்களே, அதுதான்.

நான் அதைப் பார்த்த இடம்தான் விவகாரம். எங்கள் ஊர்ச் சிவப்புச் சங்கத்துப் பேண்டு வாத்தியத்தின் பெரிய டிரம்மில், மரச்சட்டத்தில், ஒட்டியிருந்தது.

அதனால் என்ன என்று கேட்பவர் எங்கள் ஊரில் ஒரு வாரம்கூடத் தங்காதவர். மால்டாவில், வலேட்டா துறைமுகத்துக்கு எதிர்க்கரையில் இருக்கிற எங்கள் ஊருக்குப் புனிதர் ஒருவர், கோயில் ஒன்று, வாத்தியச் சங்கம் இரண்டு. ஒன்று சிவப்பு, ஒன்று நீலம். நூற்று நாற்பது வருஷத்துக்கு முன்னால் திருவிழாவில் யார் முதலில் நடப்பது என்று இரண்டு பேர் சண்டை போட்டார்கள். அவர்கள் செத்துவிட்டார்கள். சண்டை நல்ல ஆரோக்கியமாக இருக்கிறது. சிவப்பு வீட்டுக் கொடியில் நீலத் துண்டு காயாது. சிவப்புச் சங்கத்து பாரில் நீல மூடி போட்ட தண்ணீர் பாட்டில் வந்தால் மூடியைக் கழற்றி எறிந்துவிட்டுத்தான் அடுக்குவார்கள். அப்படிப்பட்ட சங்கத்தின் பெரிய டிரம்மில், திருவிழா முழுக்க, பட்டப்பகலில், ஒரு நீல வட்டம். ஒருவரும் அதை உரித்து எடுக்கவில்லை.

பதினைந்து வருஷமாக அந்தத் தெருவில் குடியிருக்கிறேன். இதற்குச் சமமான அற்புதத்தை எங்கள் புனிதர்கூடச் செய்ததில்லை. விசாரித்தேன். மூன்று பேர் சொன்னார்கள். மூன்றும் ஒரே கதை, ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை.

(ஊர்ப் பெயரை வேண்டுமென்றேதான் எழுதவில்லை. எழுதினால் சிவப்பும் நீலமும் ஒன்றாகச் சேர்ந்து என் வீட்டுக்கு வரும். அவர்களை ஒற்றுமைப்படுத்திய பெருமை எனக்கு வேண்டாம்.)

2

தொடக்கங்கள்:

"பொன்னிறக் கற்கோட்டைகள் காவல் நிற்கும் அந்தத் தொன்மையான துறைமுகத்தின் மீது வைகறைக் கதிர்கள்" – நிறுத்து. கதிர்கள் எல்லாத் துறைமுகத்தின் மீதும்தான் விழுகின்றன. இந்த மாதிரி வாக்கியத்துக்கெல்லாம் கப்பல் கம்பெனி தனியாக ஆள் வைத்திருக்கிறது.

"ஐம்பது ஆண்டுகளுக்குப் பின் அவள் தன் தாய்மண்ணில் காலடி" – வைக்கவில்லை. கப்பலிலிருந்து இறங்கினால் முதலில் காலில் படுவது பேருந்து நிறுத்துமிடத்துத் தார். ஆகஸ்ட் மாதம் வேறு, செருப்பு ஒட்டும். மேலும் எழுபத்தாறு வயதுப் பெண்மணியை எடுத்தவுடன் 'அவள்' என்று எழுதிவிட்டேன். அவருடைய தம்பியை 'அவர்' என்றுதான் எழுதப்போகிறேன். நம் கைக்கு அப்படி ஒரு பழக்கம். திருத்திக்கொள்கிறேன்.

"விஸ்தீன் ஏணியில் நின்றுகொண்டிருந்தார்."

இது பரவாயில்லை. ஏணி இருந்தது, விஸ்தீன் இருந்தார். பொய் இன்னும் ஆரம்பிக்கவில்லை.

3

விஸ்தீன் ஏணியில் நின்றுகொண்டிருந்தார். வயது எழுபத்தொன்று. கப்பல் பழுதுபார்க்கும் பட்டறையில் கிரேன் ஓட்டி ஓய்வுபெற்றவர். சிவப்புச் சங்கத்துக்கு இருபத்திரண்டு வருஷமாகத் தலைவர். சங்கக் கூடத்துச் சுவரில் மறைந்த தலைவர்களின் படங்கள் வரிசையாகத் தொங்குகின்றன. கடைசிச் சட்டத்தில் விஸ்தீன். மறையாமலேயே போய் மாட்டிக்கொண்டவர் அவர் ஒருவர்தான். ஆணி விலை ஏறுவதற்குள் அடித்துவிடலாம் என்று பார்த்தேன் என்பார்.

அன்று திருவிழாவுக்கு முந்தின நாள். நாலரை மணிக்கு அவர் தலைமையில் பேண்டு ஊர்வலம். காலை ஒன்பதரையிலிருந்து சங்க வாசலில் ஒரே ஒரு சிவப்புக் கொடியைக் கட்டிக்கொண்டிருந்தார்.

கீழே, வாசல் நாற்காலியில், பார் கவனித்துக்கொள்ளும் சல்வு.

"தலைவரே, அதே கொடிய ஆறு தடவ கட்டி ஆறு தடவ அவுத்துட்டீங்க. துணிக்கே தல சுத்துது."

"கோணலா இருக்குடா."

"கொடி நேராத்தான் இருக்கு. கட்டடம்தான் நானூறு வருஷமா கோணல்."

எதிர்வீட்டு மாடத்திலிருந்து அவர் மனைவி லினாவின் குரல் வந்தது.

"விஸ்தீன், எறங்கு. மணி பத்தே முக்கால். சட்டைய மாத்து."

"கொடி கட்டணும்."

"கொடி கட்ட முப்பது பேரு இருக்கான். உன்கூடப் பொறந்தவ ஒருத்திதான்."

விஸ்தீன் ஏழாவது முறையாக முடிச்சை அவிழ்த்தார்.

விஷயம் இதுதான். அவருடைய மூத்த சகோதரி ஜூதித்தா, ஐம்பது வருஷத்துக்கு முன் ஆஸ்திரேலியாவுக்குப் போனவர், அன்று காலை எதிர்க்கரையில் வந்து நின்ற கப்பலில் வந்திருக்கிறார். மகன் எடுத்துக்கொடுத்த பயணச் சீட்டு. பன்னிரண்டு நாளில் ஒன்பது துறைமுகம், அதில் ஒன்று சொந்த ஊர். மாலை ஐந்து மணிக்குக் கப்பல் கிளம்பிவிடும். எழுபத்தாறு வயதில் இவ்வளவு தூரம் இன்னொரு தடவை வருவதற்கில்லை. நாற்பத்து மூன்று வருஷமாக இரண்டு பேருக்கும் பேச்சு கிடையாது. அன்று பேசினால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை.

பதினொன்றுக்கு வருகிறார் என்ற தகவலை முந்தின நாள் சாப்பாட்டு மேஜையில் லினாதான் சொன்னார்.

"உனக்கு யார் சொன்னது?"

"அவளேதான். போன்ல. ஆறு வருஷமா பேசிக்கிட்டுதான் இருக்கோம்."

"ஆறு வருஷமா?"

"நீ கேக்கல. நான் சொல்லல. மீன்ல முள்ளு இருக்கு, பாத்துச் சாப்பிடு."

4

இங்கே பின்கதை சொல்லியாக வேண்டும். பின்கதை சொல்லாமலே உணர்த்துவதுதான் கலை என்பார்கள். உணர்த்திப் பார்த்தேன். மலர்வளையத்தை உணர்த்த முடியவில்லை. சொல்லிவிடுகிறேன்.

இவர்களுடைய அப்பா ஜான்னி சிவப்பு வாத்தியத்தில் பெரிய டிரம் அடித்தவர். முப்பத்தெட்டு வருஷம். மகள் ஜூதித்தா காதலித்ததோ நேனு என்பவரை. நல்ல மனிதர், தச்சர், குடிப்பதில்லை. ஒரே ஒரு குறை: நீலச் சங்கத்தில் கிளாரினெட் வாசித்தார். கல்யாணம் நடந்தது. அப்பா கோயிலுக்கு வந்தார், விருந்தில் பாதியில் ஊர்வலம் இருக்கிறது என்று எழுந்து போனார். இரண்டு பேரும் மெல்போர்னுக்குக் கப்பலேறினார்கள். கடல் இரண்டைத் தாண்டியும் நேனு கிளாரினெட்டை விடவில்லை என்று கேள்வி.

ஏழு வருஷம் கழித்து ஜான்னி இறந்தார். அதுவும் திருவிழா வாரத்தில்தான். மெல்போர்னிலிருந்து மகள் தந்தியடித்து, ஊரிலேயே ஒரு பூக்கடையில் மலர்வளையம் ஏற்பாடு செய்தார். வளையம் கோயில் வாசலுக்கு வந்தது. வெள்ளை லில்லிப் பூ. குறுக்கே, ஒரு சாண் அகலத்துக்கு, நீல ரிப்பன்.

சிவப்புச் சங்கத்துப் பெரிய டிரம்காரரின் சவப்பெட்டிக்கு நீல ரிப்பன்.

விஸ்தீனுக்கு அப்போது இருபத்தெட்டு வயது. வளையத்தைக் கையில் எடுத்தார். சங்கத்து ஆட்கள் நாற்பது பேர் பார்த்துக்கொண்டிருக்க, படித்துறைக்கு நடந்து போய்க் கடலில் வீசினார். அலை எதிர்த்து வந்தது. வளையம் படிக்கே திரும்பியது. மறுபடி வீசினார், மறுபடி வந்தது. மூன்றாவது முறையும். நாலாவது முறை காலால் தள்ளிவிட்டார். இதைப் பார்த்த யாரோ ஒரு புண்ணியவான் மெல்போர்னுக்கு நாலு பக்கம் கடிதம் எழுதினான். காலால் தள்ளியதை மட்டும் ஒரு முழுப் பக்கத்துக்கு எழுதினானாம். அதற்குப் பிறகு ஜூதித்தாவிடமிருந்து ஒரு வரி வரவில்லை.*

* அந்தப் பூக்கடைக்காரர் நீலச் சங்கத்து ஆள். ரிப்பனை அவரே குசும்புக்குக் கட்டியிருக்கலாம் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. எழுத்தாளனுக்கு இது மிகவும் சௌகரியம். பூக்கடைக்காரர் செத்துவிட்டார். செத்தவன் மேல் பழியைப் போட்டுவிட்டு உயிரோடு இருப்பவர்களைக் கட்டிப்பிடிக்க வைக்கலாம். ஒரு பிரதியில் அப்படியே எழுதினேன். படித்துப் பார்த்தபோது எனக்கே சர்க்கரை ஏறியது.

5

இந்த விஸ்தீனை எனக்கு நம்ப முடியவில்லை.

வில்லன் இல்லை அவர். என் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியை மூன்று தடவை சரிசெய்து கொடுத்திருக்கிறார். ஒவ்வொரு தடவையும் தொட்டியின் வரலாறு பற்றிச் சொற்பொழிவும் ஆற்றியிருக்கிறார். அப்படிப்பட்டவர் அப்பாவுக்கு வந்த பூவைக் காலால் தள்ளுவாரா? இருபத்தெட்டு வயது, நாற்பது பேர் பார்வை, சாவு வீடு என்று காரணம் அடுக்கினேன். அடுக்க அடுக்க, கோபத்தைவிடப் பயம்தான் அதில் அதிகம் தெரிந்தது. எதைப் பார்த்துப் பயந்தார்?

அவரிடமே கேட்டேன். பட்டாணி உரித்துக்கொண்டிருந்தவர் ஏறிட்டுப் பார்க்காமல், "எழுதுறவன் நீ. கண்டுபிடி," என்றார். லினாதான் பிறகு சொன்னார். ஆறாம் பகுதியில் வருகிறது.

6

(இந்தப் பகுதியை எழுதும்போது ஒரு சபலம் வந்தது. அந்த மொழியில் மூத்த சகோதரியைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். நான் எழுதுவது தமிழ். ஏணியில் நிற்கும் கிழவர் திரும்பிப் பார்த்து "அக்கா" என்று ஒரு சொல் சொல்லிவிட்டால் போதும், உங்களில் பாதிப் பேருக்குக் கண் கலங்கிவிடும், நானும் பேனாவை மூடிவிட்டுச் சாப்பிடப் போகலாம். செய்யமாட்டேன். கண்ணீரை இவ்வளவு மலிவாக வாங்கினால் சாயம் போய்விடும்.)

பதினொன்று ஐந்துக்குத் தெருமுனையில் ஒரு பெண்மணி வந்தார். கப்பலில் இலவசமாகக் கொடுத்த வெள்ளைத் தொப்பி, கைத்தடி, சாம்பல் நிறச் சட்டை. நெஞ்சில் ஒரு நீல வட்டம். சுற்றிலும் சிவப்புத் தோரணம், சிவப்புக் கொடி, சிவப்புக் காகிதப் பூ. அதற்கு நடுவே அந்தப் பொட்டு தெருவின் அந்தக் கோடியிலிருந்தே தெரிந்தது.

சல்வு எழுந்து நின்றான். "தலைவரே. பதினாலாம் நம்பர் நீலம் ஒண்ணு நேரா இங்கதான் வருது."

விஸ்தீன் திரும்பவில்லை. முடிச்சு போட்டுக்கொண்டிருந்தார். கைத்தடிச் சத்தம் ஏணிக்குக் கீழே வந்து நின்றது. பிறகு கைத்தடியைச் சுவரில் சாய்த்து வைக்கும் சத்தம். பிறகு இரண்டு கைகள் ஏணியைப் பிடித்தன.

"இப்பவும் ஏணிய நான்தான் புடிக்கணுமா, விஸ்தீன்?"

"யாரும் புடிக்கச் சொல்லல."

"சொல்லாமதான் புடிச்சேன், அப்பவும். மாமரத்து—"

(மாமரம் இல்லை. அங்கே ஏது மாமரம்? கை தானாக எழுதிவிட்டது. அத்திமரம்.)

"சொல்லாமதான் புடிச்சேன், அப்பவும். அத்திமரத்துல ஏறிக்கிட்டு அழுவியே."

"அழல. கண்ணுல பால் பட்டுச்சு."

"ஆமா. தெனமும் பட்டுச்சு."

ஜூதித்தா ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்ததால் விஸ்தீனால் இறங்க முடியவில்லை. இறங்கினால் அவருடைய இரண்டு கைகளுக்கு நடுவேதான் வந்து நிற்க வேண்டும். ஆகவே மேலேயே நின்றார். நாற்பத்து மூன்று வருஷப் பேச்சு இப்படித்தான் தொடங்கியது. ஒருவர் சுவரைப் பார்த்தும், இன்னொருவர் அவருடைய காலணியைப் பார்த்தும். சல்வு கணக்குப்படி பன்னிரண்டு நிமிஷம். லினா கணக்குப்படி அரை மணி. விஸ்தீன் கணக்குப்படி அவர் உடனே இறங்கிவிட்டார்.

"நெஞ்சுல என்ன அது?" என்றார் விஸ்தீன், சுவரிடம்.

"கப்பல்ல ஒட்டினது. பதினாலாம் கோஷ்டி. எல்லாரும் பஸ் ஏறிக் கோட்ட பாக்கப் போயிட்டாங்க. நான் கழண்டு படகப் புடிச்சு வந்தேன்."

"வேற கலர் கெடைக்கலியா?"

"மஞ்சளும் பச்சையும் கூட இருந்துச்சு. என் அதிர்ஷ்டம்."

பிறகு விஸ்தீன் கேட்டார். அந்தக் கேள்வியை அவர் இருபது வருஷமாகத் தயாரித்து வைத்திருந்தார் என்பது என் ஊகம். தொண்டையைச் செருமிக்கொண்டுதான் கேட்டார்.

"அந்த ரிப்பன். பூக்கடைக்காரன் பண்ணினதுதானே? நீ கலர் ஒண்ணும் சொல்லலதானே?"

பாருங்கள், எவ்வளவு அகலமாகக் கதவைத் திறந்து வைக்கிறார். ஆமாம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். பழி முழுக்கச் செத்தவனோடு போய்விடும். ஏணியிலிருந்து தலைவர் இறங்கலாம், டீ குடிக்கலாம். நானே கீழே நின்றிருந்தால் ஆமாம் என்று சொல்லியிருப்பேன்.

"இல்ல," என்றார் ஜூதித்தா. "நான்தான் சொன்னேன். நீலம்னு தந்தியிலயே போட்டேன். அதுக்குத் தனியாக் காசு குடுத்தேன்."

ஏணி லேசாக ஆடியது.

"வேணும்னேதான் பண்ணியிருக்க."

"வேணும்னேதான். அப்பாவுக்குப் புடிச்ச கலர்."

"அப்பா சிவப்பு."

"வெளியில."

"ஜூதித்தா."

"ராத்திரி என்ன போட்டுக்கிட்டுப் படுப்பாரு? நான் மெல்போர்ன்லேர்ந்து அனுப்பிச்ச பைஜாமா. நீலம். மேல கீழ ரெண்டும். 'நீ அனுப்பிச்சதுல படுத்தாதான் தூக்கம் வருது, யார்கிட்டயும் சொல்லாத'ன்னு எழுதினாரு. கடுதாசி இருக்கு என்கிட்ட. அவர் செத்த அன்னிக்கு என்ன போட்டிருந்தாரு, விஸ்தீன்?"

ஜூதித்தாவின் குரல் உயர்ந்துகொண்டே போனது. சல்வு கையிலிருந்த கிளாஸைத் துடைப்பதை நிறுத்திவிட்டான். உள்ளேயிருந்து இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள்.

"எதக் கேக்குறேன்னு தெரியுதுல்ல, அந்த நீல—"

விஸ்தீன் இறங்கிவிட்டார். எழுபத்தொரு வயதில் அவ்வளவு வேகமாக ஏணியிலிருந்து இறங்கியவரைச் சல்வு பார்த்ததில்லையாம். இறங்கி, அவருடைய இரண்டு கைகளுக்கு நடுவே நின்று, முகத்துக்கு நேராக, ரகசியக் குரலில் சொன்னார்:

"மெதுவா. மெதுவாப் பேசு. நான்தான் மாத்துனேன்."

ஐந்தாம் பகுதியில் விட்ட பயம் இதுதான். அப்பா தூக்கத்தில் இறந்தார். முதலில் பார்த்தவர் விஸ்தீன். சங்கத்து ஆட்கள் வருவதற்குள், தனியாக, விறைத்துப்போன உடம்பிலிருந்து நீலப் பைஜாமாவைக் கழற்றி, கோட்டும் சிவப்பு டையும் மாட்டிவிட்டார். பைஜாமாவை அடுப்பில் போட்டு எரித்தார். லினாவுக்குக்கூட முப்பது வருஷம் கழித்துத்தான் சொன்னார். எரித்த இரண்டாம் நாள் அதே நீலம், ஒரு சாண் அகல ரிப்பனாக, நாற்பது பேர் முன்னால் கோயில் வாசலுக்கு வந்து நின்றால்?

இப்போது அவர் அந்த வளையத்தைக் காலால் தள்ளுவதை என்னால் நம்ப முடிகிறது.

7

அதற்குப் பிறகு மூன்றரை மணி வரை நடந்ததில் எழுத்தாளனுக்கு வேலை அதிகமில்லை. லினா கண்ணாடித் தம்ளரில் டீயும், உள்ளே பாலாடைக்கட்டி வைத்துச் சுட்ட பஸ்திட்சிப் பண்டமும் கொண்டுவந்தார். ஆஸ்திரேலியாவில் கிடைக்கும் பஸ்திட்சி எவ்வளவு மோசம் என்று ஜூதித்தா விளக்கினார். இங்கே கிடைப்பதும் இப்போது மோசம்தான் என்று லினா ஆறுதல் சொன்னார். நேனு இரண்டு வருஷத்துக்கு முன் போய்ச் சேர்ந்ததை விஸ்தீன் விசாரித்தார். "நல்லா வாசிப்பாரு," என்று சொல்லிவிட்டு, சங்கத்துக்குள் இருக்கிறோம் என்பது நினைவுக்கு வந்து, "தூரத்துலேர்ந்து கேட்டா," என்று சேர்த்துக்கொண்டார். மன்னிப்பு என்ற சொல்லை இருவரும் பயன்படுத்தவில்லை. நான் இரண்டு இடத்தில் போட்டுப் பார்த்தேன். மேஜை மேல் யாரோ மறந்துவிட்டுப் போன குடை மாதிரி இருந்தது. எடுத்துவிட்டேன்.

கூடத்து மூலையில் பெரிய டிரம் இருந்தது. அப்பா அடித்த அதே டிரம். தோல் மாற்றியிருக்கிறார்கள், சட்டம் அதேதான். ஜூதித்தாவைச் சின்ன வயதில் அதைத் தொடக்கூட விட்டதில்லை. அடிக்கும் கோலை விஸ்தீன் எடுத்து அவரிடம் நீட்டினார். அவர் ஒரே ஒரு அடி அடித்தார். பாரிலிருந்த கிளாஸ்கள் எல்லாம் ஒரு தடவை பேசி அடங்கின.

ஸ்டிக்கர் அங்கே எப்படி வந்தது என்பதில்தான் மூன்று கட்சி.

விஸ்தீன்: "அவதான் ஒட்டினா. சொன்னா கேக்குற ஜாதியா அவ?"

லினா: "இவன்தான் அவ சட்டையிலேர்ந்து உரிச்சான். நீலத்தோட தெருவுல நடக்காதன்னு. உரிச்சதக் கையில வச்சுக்கிட்டு எங்க போடுறதுன்னு தெரியாம நின்னான். அப்புறம் நான் டீ எடுக்கப் போயிட்டேன்."

சல்வு: "வேர்வைக்குத் தானா விழுந்து தானா ஒட்டிக்கிச்சு. எனக்கு ஒண்ணும் தெரியாது. நான் பார்ல இருந்தேன்."

நான் லினா கட்சி. ஆனால் அவர் பார்க்காத பகுதியைத்தான் நான் நம்புகிறேன் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

மூன்றரைக்கு ஜூதித்தா கைத்தடியை எடுத்தார். நாலரைக்குள் கப்பலில் இருந்தாக வேண்டும்.

"நாலரைக்கு ஊர்வலம்," என்றார் விஸ்தீன். "நான் இல்லாம கெளம்ப முடியாது. அதனால, வழியனுப்ப..."

"தெரியும். அப்பா என் கல்யாணத்துலயே பாதியில எந்திரிச்சுப் போனவரு. நீ மூணரை வரைக்கும் உக்காந்திருந்தியே, அதுவே அதிகம்."

"ரூம்ல ஜன்னல் இருக்கா?"

"இல்ல. பையன் உள்ள இருக்குற ரூம்தான் எடுத்தான். மேல போய் நிப்பேன்."

லினாதான் படகுவரை போனார். விஸ்தீன் வாசலில் நின்றார். படகு பாதி தூரம் போன பிறகுதான் ஒன்று கேட்காமல் விட்டது அவருக்கு உறைத்தது: மேலே போய், எந்தப் பக்கம்?

8

முடிவுகள். மூன்று எழுதினேன்.

அ. கோயில் கோபுரத்தில் இரண்டு கடிகாரம் இருக்கிறது. ஒன்று சரியான நேரம், இன்னொன்று சாத்தானைக் குழப்புவதற்காக வேண்டுமென்றே தப்பான நேரம். விஸ்தீன் அவசரத்தில் தப்பான கடிகாரத்தைப் பார்த்து ஓட, கப்பல் போய்விட – இது வெளியூர்க்காரன் எழுதும் முடிவு. எங்கள் ஊரில் பிறந்த நாய்கூட அந்தக் கடிகாரத்தைப் பார்த்து ஏமாறாது. ஏமாந்ததாகச் சரித்திரத்தில் பதிவானவன் சாத்தான் ஒருவன்தான், அதற்கும் சாட்சி இல்லை.

ஆ. ஜூதித்தா கப்பலுக்குப் போகவில்லை, இங்கேயே தங்கிவிடுகிறார், அத்திமரத்தடியில் இரண்டு நாற்காலி – அவருக்கு மெல்போர்னில் மூன்று பேரப்பிள்ளைகள், ஒரு பூனை, புதன்கிழமை பல் டாக்டர். அத்திமரத்தை வெட்டிப் பதினெட்டு வருஷம் ஆகிறது.

இ. சிவப்பும் நீலமும் பகை மறந்து ஒன்றாக வாசிக்க, ஊரே – இதை எழுதும்போது எனக்கே சிரிப்பு வந்து வாக்கியம் பாதியில் நின்றுவிட்டது.

9

நடந்ததைச் சொல்கிறேன்.

ஊர்வலம் நாலரைக்குக் கிளம்பியது. வழித்தடம் ஆறு மாதத்துக்கு முன்னாலேயே போலீசில் எழுதிக் கையெழுத்து வாங்கியது. கோயில், பெரிய தெரு, ரொட்டிக்கடை முக்கு, வலது பக்கம், திரும்பச் சங்கம். ஓர் அடி மாறினாலும் நீலச் சங்கம் வழக்குப் போடும். அந்த வழக்குகளையே நம்பி ஊரில் இரண்டு வக்கீல் குடும்பம் வாழ்கிறது.

ரொட்டிக்கடை முக்கில், பேண்டுக்கு முன்னால் நடந்துகொண்டிருந்த விஸ்தீன் கையைத் தூக்கினார். இடது பக்கம் திரும்பினார்.

இடது பக்கம் போனால் படித்துறை. வேறொன்றும் இல்லை.

முப்பத்தைந்து வாத்தியக்காரர்கள் ஒரு கணம் தடுமாறினார்கள். டிரம்பெட் ஒன்று பிசிறியது. பேண்டு மாஸ்டர் பின்னாலிருந்து கத்தினார்.

"விஸ்தீன், ரூட் மாறுது. போலீஸ் என்னைத்தான் புடிக்கும்."

"புடிக்கட்டும். வாசிய்யா."

பெரிய டிரம்காரன் முதலில் திரும்பினான். டிரம் போனால் மற்றவை போய்த்தான் ஆகவேண்டும். படியின் கடைசிக் கல்வரைக்கும் போய் நின்றார்கள். நாற்பத்து மூன்று வருஷத்துக்கு முன் மலர்வளையம் மூன்று தடவை திரும்பி வந்த அதே கல். விஸ்தீனின் காலணி நனைந்தது. நகரவில்லை.

கப்பல் சொன்ன நேரத்துக்குக் கிளம்பியது. பதின்மூன்று மாடி வெள்ளைக் கட்டடம் ஒன்று மெதுவாக நகர்வது போல, துறைமுகத்தின் வாயை நோக்கிப் போனது. கிளம்பும்போது ஒலிபெருக்கியில் எப்போதும் ஒரு அறிவிப்பு வரும்: வலேட்டாவின் கோட்டைகள் இடப்பக்கத்தில், புகைப்படத்துக்கு உகந்த வெளிச்சம். மூவாயிரம் பேரும் இடப்பக்கம் போய்விடுவார்கள். நாங்கள் இருப்பது வலப்பக்கம். ஆயிரம் தடவை பார்த்திருக்கிறேன், எங்கள் பக்கத்துத் தளம் காலியாகத்தான் போகும்.

அன்று வலப்பக்கத்தில் சில வெள்ளைத் தொப்பிகள் தெரிந்தன. விஸ்தீன் எண்ணினார். பதினொன்று. எல்லாம் கப்பல் கொடுத்த தொப்பி, எல்லாம் ஒரே மாதிரி. அந்தத் தூரத்தில் ஆணா பெண்ணா தெரியாது, கைத்தடி இருந்தாலும் தெரியாது. ஒரு தொப்பி கைதட்டியது. கட்டணத்தில் அடங்கிய வழியனுப்பு விழா என்று நினைத்திருக்க வேண்டும். வாத்தியம் உச்சத்தில் போய்க்கொண்டிருந்தது. விஸ்தீன் பதினொரு தொப்பிக்கும், வரிசையாக, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகக் கையாட்டினார். வரிசை முடிந்ததும் முதலிலிருந்து.

மறுநாள் நீலச் சங்கம் போலீசில் புகார் கொடுத்தது. படித்துறைக்குப் போனதில் ஏதோ பெரிய சூழ்ச்சி இருக்கிறது என்றும், அது என்னவென்று தெரிந்துகொள்ளத் தங்களுக்கு உரிமை உண்டு என்றும் ஒன்பது பக்கம். டிரம்மில் இருந்த நீல வட்டத்தை உரிக்கச் சங்கத்தில் இரண்டு பேர் கை நீட்டினார்கள். விஸ்தீன் ஏறிட்டுப் பார்த்தார். கைகள் திரும்பிப் போயின.

10

ஜூதித்தா எந்தப் பக்கம் நின்றார்?

இதைத் தெரிந்துகொள்வது மிகவும் எளிது. லினாவிடம் போன் இருக்கிறது. ஒரு வரி கேட்டால் ஒரு வரி பதில் வரும். திருவிழா முடிந்த அன்று லினா போனைக் கையில் எடுத்தார், நானும் பக்கத்தில் இருந்தேன். விஸ்தீன் பட்டாணித் தட்டை ஒதுக்கி வைத்தார்.

"கேக்காத."

"ஏன்? ஒரு வார்த்த."

"இந்தப் பக்கம்னு சொன்னா சரி. அந்தப் பக்கம்னு சொல்லிட்டா? அவளுக்குப் பொய் சொல்ல வராது. பாத்தேல்ல, ஏணிக்குக் கீழ."

லினா போனை வைத்துவிட்டார். ஜூதித்தாவும் தானாக எழுதவில்லை. ஊருக்குப் போய்ச் சேர்ந்ததையும் பூனை இளைத்துப்போனதையும்தான் எழுதினார். அவரும் எதையோ கேட்காமல் வைத்திருக்கிறார் போலிருக்கிறது.

அவர்களே கேட்காததை நான் எழுதினால் அது முடிவாகாது, கோள்சொல்வதாகும். அதனால் அவரை நிறுத்தும் வேலையை உங்களிடம் விடுகிறேன். மேல்தளம், மாலை ஐந்து மணி, வெயில் இன்னும் இருக்கிறது. வலப்பக்கம் பதினொரு தொப்பி, இடப்பக்கம் மூவாயிரம். பதினொன்றில் ஒன்றாக நிறுத்தினால் நீங்கள் நல்லவர். மூவாயிரத்தில் ஒன்றாக நிறுத்தினால் நீங்களும் என்னைப் போலச் சந்தேகக்காரர். இரண்டுக்கும் தடையில்லை.

ஆனால் இடப்பக்கம் நிறுத்துவதாக இருந்தால் ஒரு தகவல், பேண்டுக்காரர்கள் சொன்னது. நடுவில் பதின்மூன்று மாடி இரும்பு இருந்தால் கிளாரினெட் கேட்காது, டிரம்பெட் கேட்காது. பெரிய டிரம் மட்டும் கேட்கும். அதுவும் காதுக்கு இல்லையாம். கம்பியைப் பிடித்திருக்கும் கைக்கு.